நான் எழுதாத காய்ச்சல்

மூன்று போர்வைக்குள் ஒரு மனிதர் பல் அடிக்க நடுங்கிக்கொண்டிருந்த அதே நாளில், அவருடைய பெயருக்கு நேரே "காய்ச்சல்: இல்லை, குளிர்: இல்லை, வேறு முறைப்பாடு: இல்லை" என்று மூன்று தரம் இல்லை எழுதி, கீழே கையெழுத்தும் வைத்த மடையன் நான்தான். கையெழுத்து மிக அழகாக இருந்தது. பிற்பாடு அந்தத் தாளைப் பார்க்க வந்த எல்லோருமே அந்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், போன மாதம் என்னுடைய பிரியாவிடையில் "ஒரு பிழையும் விடாத மனிதர்" என்று ஒருவர் பேசினார். ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் பின்வரிசையிலிருந்து அதை நம்பிக் கைதட்டியதை நான் பார்த்தேன். அந்த நேரம் என் வாய் நிறையக் கேக். மறுக்க முடியவில்லை. இப்போது வாய் காலியாக இருக்கிறது.

சத்திரசிகிச்சை வாட்டில் தாதியாகவே தலை நரைத்தவன் நான். ஓய்வுக்குக் கொஞ்ச வருஷம் இருக்கும்போது எங்கள் வைத்தியசாலையின் ஒரு மூலையில் ஆய்வுப் பிரிவு என்று ஓர் அறையைத் திறந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த, கையெழுத்து விளங்குகிற, கல்முனையிலிருந்து கோமாரி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வீடு தேடிப் போகக்கூடிய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஆங்கில விஷயத்தில் கொஞ்சம் பொய் சொன்னேன். மற்ற இரண்டும் உண்மை.

வந்த ஆய்வு மெலனோமாவுக்கான ஒரு தடுப்பூசி. தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் உயிர்க்கலங்களில் வரும் புற்றுநோய் அது. வெயிலில் வெந்த வெள்ளைக்காரருக்கு வருவது என்று நானும் நினைத்திருந்தேன். நம்மவர்களுக்கு அது உள்ளங்காலில், நகத்துக்கு அடியில், வெயிலே படாத இடமாகப் பார்த்து ஒரு கறுப்புப் பொட்டாக வந்து உட்காரும். வெட்டி எடுத்த பிறகும் திரும்பி வரலாம் என்ற பயம் மிச்சம் இருக்கும். திரும்பி வந்தால் அடையாளம் கண்டு பிடிக்கும்படி உடம்பின் காவல் கலங்களைப் பழக்குவதுதான் இந்த ஊசியின் வேலை.

ஆனால் ஆய்வின் முதற்கட்டத்தில் ஊசி நோயைத் தடுக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு போட்டால் உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி. முதல் சில பேருக்குக் குறைந்த அளவு. அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையென்றால் அடுத்தவருக்குக் கூடிய அளவு. தெரியாத வாய்க்காலில் முன்னுக்கு இறங்குகிறவர் "இடுப்பளவு" என்று சொன்னால்தான் பின்னால் வருகிறவர் காலை வைப்பார். முன்னுக்கு இறங்கினவரிடம் ஆழம் கேட்டு எழுதுவது என்னுடைய உத்தியோகம்.

எங்கள் பக்கத்தில் முதலில் இறங்கியவர் சம்மாந்துறை ஆதம்பாவா காக்கா. காக்கா என்பது வயதில் மூத்தவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் சொல். நெல் வயல்காரர். குதிகாலில் இருந்த கறுப்புப் பொட்டை முள் குத்தின அடையாளம் என்று நினைத்து இரண்டு போகம் அதோடேயே விதைத்து அறுத்தவர். ஒப்பரேசன் முடிந்து, ஒரு காலில் பஞ்சு வைத்த செருப்பும் மறு காலில் சாதாரண றப்பர் செருப்புமாக வந்து நின்றார். சம்மதப் பத்திரத்தை நான் பக்கம் பக்கமாக வாசித்து விளக்கினேன். எனக்கே நித்திரை வந்தது. அவர் கண் மூடாமல் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்த ஊசியால எனக்குப் பலன் கிடைக்காட்டியும் மறுகா, எனக்குப் பின்னால வாற ஆக்களுக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கலாம் காக்கா. நிச்சயம் எண்டு செல்ல ஏலா."

"அப்ப போடுங்க."

ஊசி போட்டோம். வீட்டுக்குப் போகும்போது ஒரு புது வெப்பமானியைப் பெட்டியோடு கையில் கொடுத்தேன். காலையும் மாலையும் அளந்து இலக்கத்தை எனக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், நான் தொலைபேசியில் கோல் எடுத்து, தாளில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். இதுதான் சட்டம். நான் எப்படிக் கேட்டேன் என்று பாருங்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. எப்படிச் சுகம்?"

"வ அலைக்குமுஸ் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், தம்பி."

"காய்ச்சல் கீய்ச்சல் ஒண்டும் இல்லத்தானே?"

"அல்லாட கிருபையால நல்லா இரிக்கன். நீங்க எப்படி? புள்ளைகள் சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ் காக்கா."

அன்று எனக்கு முதுகு பிடித்து, நாற்காலியில் சாயவும் முடியாமல் குனியவும் முடியாமல் வளைந்த ஆணி மாதிரி இருந்தேன். அந்த நிலையிலிருந்துதான் நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பது அதன் பொருள். எங்கள் ஊர்களில் ஒருவர் சுகம் கேட்டால், கால் முறிந்து கிடந்தாலும் முதலில் வருவது அந்த வார்த்தைதான். முறைப்பாடு பிறகு வந்தால் வரும், வராமலும் போகும். பிறந்த நாளிலிருந்து இதற்குள் வளர்ந்தவன், அதைச் சொன்ன அதே நிமிஷத்தில் முதுகு நொந்துகொண்டிருந்தவன், பேனையை எடுத்து "முறைப்பாடு: இல்லை" என்று எழுதினேன். வெள்ளைக்காரன் ஒருவன் எழுதியிருந்தால் அவனை மன்னிக்கலாம்.

வெப்பமானியின் இலக்கத்தைக் கேட்டேனா? முதல் நாள் கேட்டேன். "எல்லாம் சரி தம்பி" என்றார். மற்ற நாட்களில் அந்தக் கேள்வியை நானே அவருக்காக மிச்சப்படுத்திவிட்டேன். வேலை கூட, மனிதர் மரியாதையானவர், தொல்லை கொடுப்பானேன் என்று.

இப்படியாக, குறைந்த அளவில் எங்கள் பக்கத்தில் எந்தப் பக்க விளைவும் இல்லை என்று, ஆய்வை நடத்துகிற கொழும்புத் தலைமைக்கு அறிக்கை போனது. சில கிழமைகளில், கூடிய அளவைத் தொடங்கலாம் என்று பதில் வந்தது. அந்த அளவில் முதல் ஆள் தம்பிலுவில் ஊர் டீச்சர் ஒருவர். கை பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்து, அந்த விரலையே எடுத்திருந்தார்கள். சோக்குக் கட்டியை மூன்று விரலால் பிடித்து எழுதப் பழகிக்கொண்டிருந்தார். என்னை 'நானா', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். மெலிந்த மனுசி, தராசில் ஏறினால் முள்ளு நகர யோசிக்கும்.

டீச்சர் முதல் பஸ்ஸில் வந்து, கட்டிலில் சாய்ந்து, முன்னெச்சரிக்கையாகக் கையில் ஊசிக்குழாயும் ஏற்றியாகிவிட்டது. மருந்தை ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். உருகினால் சில மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். திரும்ப உறைய வைக்க முடியாது. அது உறைந்தபடியே கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வந்தது என்பதையெல்லாம் நான் டீச்சருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கதவடியில் ஒரு சட்டி தயிர் தெரிந்தது. பின்னால் ஆதம்பாவா காக்காவின் மனைவி, நான் ராத்தா, அதாவது அக்கா என்று கூப்பிடுகிறவர்.

"தம்பி, இவருக்கு இண்டைக்குக் கால் புண் கட்டுற நாள். அங்கால வரிசையில இரிக்காரு. உங்களுக்கு எருமத் தயிர் கொண்டு வந்த. இந்தாங்க, உங்கட சாமானும்."

தயிர்ச் சட்டிக்கு மேலே கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஏதோ இருந்தது. பிரித்தேன். வெப்பமானி. பெட்டியின் ஒட்டுக்கூடக் கழலவில்லை.

"ராத்தா, இது திறக்கவே இல்லியே."

"கவுருமெண்டுச் சாமான், பழுதாக்கிப் போடுவம் எண்டு அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிட்டாரு. அந்தக் காய்ச்சலுக்குள்ளயும் அலுமாரித் திறப்பத் தலகாணிக்குக் கீழதான் வெச்சிக்கிட்டுக் கிடந்த."

"எந்தக் காய்ச்சல்?"

"ஊசி போட்ட மறுநாள் தொடங்கின காய்ச்சல்தான். மூணு நாள். மூணு போர்வ போத்தியும் கட்டில் ஆடிச்சி. சாரன் நனைய நனைய நான் மாத்தின. ஊசி போட்ட இடம் கோழி முட்டையாட்டம் வீங்கிச்சி. நீங்க நாளாந்தம் கோல் எடுக்கிற, உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கேட்டனே ராத்தா!"

"என்னெண்டு கேட்டீங்க?"

"எப்படிச் சுகம் எண்டு."

ராத்தா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கடையில் பழுதான தேங்காயைத் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி.

"அதுக்கு ஒரு முஸ்லிமான மனிசன் வேற என்னத்தச் செல்லுவான்?"

இப்போது நான் நின்ற இடத்தை யோசித்துப் பாருங்கள். இடப்பக்கம் தயிர். வலப்பக்கம் உருகிக்கொண்டிருக்கும் மருந்து. நேரே கட்டிலில், ஆதம்பாவா காக்காவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எழுதிய தாளை நம்பி, அதைவிடக் கூடிய அளவை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு ஒரு மெலிந்த மனுசி. போட்டுவிட்டு மாலை பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்புவதுதான் திட்டம். குறைந்த அளவுக்கே வயல்காரரின் கட்டில் ஆடியிருக்கிறது. இவருக்கு வீட்டில் அப்படி வந்தால் பக்கத்தில் யார்?

நல்லவனாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தேன். காய்ச்சல்தானே, வந்து போய்விட்டதே, பின்னேரம் தாளைத் திருத்திக்கொள்ளலாமே, டீச்சரை இன்றைக்கு மட்டும் இங்கேயே படுக்க வைக்கலாமே என்று மனசு வழி தேடியது. அதில் ஒவ்வொரு வழியும் கடைசியில் என்னைக் காப்பாற்றுகிற வழியாகவே இருந்ததைக் கண்டுபிடித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான பெண் டொக்டர், எங்கள் வாயில் 'மடம்', அதாவது மேடம். அவருடைய அறைக்குப் போனேன். தயிர்ச் சட்டியைக் கையிலிருந்து வைக்கவும் மறந்து, அதோடேயே போய் நின்றேன்.

மடம், பேசும் வார்த்தைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்தவர் மாதிரி அளந்து பேசுவார். நான் நடந்ததைச் சொன்னேன். கூடவே வேலைப் பளு, தொலைபேசித் தொடர்பின் கோளாறு, நம் சமூகத்தின் பண்பாடு என்று ஒரு சொற்பொழிவும் வைத்தேன்.

"எழுதினது ஆர்?" என்றார்.

"நான், மடம்."

"ஊசி போட்டாச்சா?"

"இல்ல மடம். ஆனா உருகிட்டு. போடாட்டி வீண்."

"வீணாகட்டும்."

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. கொழும்புக்குத் தானே கோல் எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ மருந்தின் அருமையை விளக்குவது எனக்கே கேட்டது. மடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கட தரவு பிழை. நிப்பாட்டுறம்" என்று வைத்தார். என்னுடைய பிழை என்று சொல்லவில்லை, எங்கட என்றார். இதற்காக நான் அவருக்கு இன்றுவரைக்கும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அடுத்த வார்த்தையில் வட்டியோடு வாங்கிக்கொண்டார். "டீச்சருக்கு நீங்களே செல்லுங்க. தயிர வெச்சிட்டுப் போங்க."

டீச்சருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னேன். அவர் கையிலிருந்த ஊசிக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, உங்கட பிழைக்கு நான் வீட்ட போகவேணும்?"

"ஓம் டீச்சர்."

"நானா, ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி மற்ற விரலையெல்லாம் வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறன். இண்டைக்குத்தான் பாக்காம வந்தனான். விளங்குதா உங்களுக்கு?"

விளங்கியது. நாம் ஒரு நாளைத் தள்ளிப் போடுவது அவர்களுக்குத் தாளில் ஒரு கட்டம் இல்லை. நான் குழாயைக் கழற்றிப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வழக்கமாக அரை நிமிஷம் பிடிப்பேன். அன்று கனநேரம் பிடித்திருக்கிறேன். அவர்தான் கையை இழுத்தார்.

"வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையள் ஆயிரம் காரணம் சொல்லுவாங்க. 'செய்யேல்ல டீச்சர்' எண்டு நேர சொல்லுற பிள்ளைக்கு நான் அடிக்கிறல்ல. போங்கோ."

அடித்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

இனி ஆதம்பாவா காக்கா. கால் புண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவரை ராத்தாவோடு மடத்தின் அறையில் உட்கார வைத்துப் புதிதாக விசாரித்தோம். அது விசாரணையே இல்லை, இழுபறி.

"காக்கா, காய்ச்சல் வந்ததா?"

"அல்லாட உதவியால போயிட்டு தம்பி."

"வந்ததா?"

"போன சாமானக் கதைச்சி என்ன?"

"ஏன் காக்கா என்னட்டச் செல்லல்ல?"

அவர் மடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஞ்சுச் செருப்பைப் பார்த்தார். "நீங்க எல்லாரும் எனக்காக எவ்வளவு பாடு படுறீங்க. நாளாந்தம் சுகம் விசாரிக்கிறீங்க. என்ட சொந்தத் தம்பி அப்படி விசாரிக்கிறல்ல. அதுக்குள்ள உங்கட ஊசியால காய்ச்சல் வந்த எண்டு குற செல்லுறதா? நான் என்ன நன்றி கெட்டவனா?"

மடம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாய்க்கால் கதையைச் சொன்னேன். நீங்கள் முன்னால் இறங்கின ஆள், நீங்கள் சொல்லும் ஆழத்தை நம்பித்தான் பின்னால் ஒரு மனுசி காலை வைக்கப் போனார் என்றேன். காக்கா யோசித்துக்கொண்டே இருந்தார். ராத்தா யோசிக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கேட்டீங்களா? உங்கட காய்ச்சல் உங்களுக்குச் சொந்தமில்ல. அது அமானிதம். மறுகா வாற ஆக்கள்ட சாமான். குடுத்திருங்க."

காக்கா கொடுத்துவிட்டார். எத்தனை நாள், எத்தனை போர்வை, எப்போது வியர்த்தது, எப்போது கஞ்சி இறங்கியது என்று ஒன்று விடாமல். நான் எழுத எழுதத் தாள் போதவில்லை.

ராத்தாவின் வாயிலிருந்துதான் நான் கேள்வி கேட்கக் கற்றேன். பயிற்சியில் உங்களுக்கு ஒரு பெரிய புத்தகம் தருவார்கள். தாளில் உள்ள கேள்விகளை ஒன்று விடாமல் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், எப்படிச் சுகம் என்று கேட்டுவிட்டு அந்தப் பதிலை மட்டும் எழுதாதீர்கள். அது மரியாதைக்கு, தாளுக்கு இல்லை. "இல்லத்தானே" என்று முடிகிற கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். விடிகாலை ஸுப்ஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனீர்களா, வீட்டில் தொழுதீர்களா? நின்று தொழுதீர்களா, இருந்து தொழுதீர்களா? டீச்சரிடம் என்றால், கோயிலுக்கு நடந்தா போனீர்கள், ஓட்டோவிலா? நேற்று எத்தனை தரம் உடுப்பு மாற்றினீர்கள்? இதற்கெல்லாம் ஒருவரும் மரியாதைக்காகப் பொய் சொல்ல மாட்டார்கள். பிறகு வீட்டில் உள்ள இன்னொருவரிடமும் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கொழும்பில் கூடி ஆலோசித்தார்கள். குறைந்த அளவையே இன்னும் சில பேருக்குப் போட்டுப் பார்ப்பது, கூடிய அளவு வாங்குகிறவரை வீட்டுக்கு அனுப்பாமல் வாட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகியது. என் பெயருக்கு ஒரு கடிதமும் வந்தது. அதை இப்போதும் வைத்திருக்கிறேன். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது.

டீச்சரின் முறை திரும்ப வரச் சில மாதம் ஆனது. வருவாரோ என்று பயந்தேன். அதே முதல் பஸ்ஸில் வந்தார். காலையில் ஊசி போட்டோம். மாலை அஸர் தொழுகை நேரம் இருக்கும், "நானா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார். அடுத்த சில நிமிஷத்தில் காய்ச்சல் ஏறியது, இரத்த அழுத்தம் இறங்கியது, உதடு வெளுத்தது. ஆனால் மடம் கட்டிலடியில் நின்றார், சேலைன் தயாராக இருந்தது, செய்ய வேண்டியது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் ஆதம்பாவா காக்கா ஆழத்தைச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை டீச்சர் இடியப்பம் கேட்டார். முந்தின திட்டப்படி என்றால், அந்த அஸர் நேரத்துக்கு அவர் பஸ்ஸுக்குள் இருந்திருப்பார். இதை நான் அதிகம் யோசிப்பதில்லை. யோசித்தால் நித்திரை வராது.

இரண்டு பேருக்கும் இதுவரை நோய் திரும்பி வரவில்லை. ஊசியாலா, ஒப்பரேசனாலா, ஆயுசாலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி யாரிடமும் சொல்லாதீர்கள். டீச்சர் விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை விட்டாரா என்று கேட்டேன். கிழமைக்கு ஒரு தரமாகக் குறைத்திருக்கிறாராம்.

ஆதம்பாவா காக்காவைத்தான் நான் கெடுத்துவிட்டேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று இலக்கம் சொல்லப் பழக்கியபோது, "நோவுக்கும் மார்க்ஸ் போடுறதா தம்பி?" என்று சிரித்தவர், பிறகு அதை விடவே இல்லை. நுளம்பு கடித்தாலும் கோல் வரும். ஒரு நாள் பெருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த ஏப்பத்தையும் எழுத வைத்தார்.

எனக்குப் பிரியாவிடை நடந்த மறு கிழமை, சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். ஆட்களுக்கு நடுவே கட்டிப் பிடித்தோம். இனி நான் அந்த அறையில் இல்லை, தாளும் இல்லை, பேனையும் இல்லை, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சும்மா சுகம் கேட்கலாம் என்ற சந்தோஷத்தில், நெஞ்சு நிறைய, "எப்படிச் சுகம் காக்கா?" என்று கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ், வலது முழங்கால், மூணு நாளா, பத்துக்கு நாலு, எழுதுங்க."